பெண் பார்க்கப் போன வீட்டில் ஊதுபத்தி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நான் ஒரு வடிகட்டின முட்டாள். அந்த வார்த்தை எனக்கென்றே செய்தது. என் வேலையே வடிகட்டுவதுதான்.

கண்ணாடிக் கலத்துக்குள் வாயுவை அடைத்து, லேசர் ஒளியைப் பாய்ச்சி, பக்கவாட்டில் சிதறி வருகிற கொஞ்சூண்டு வெளிச்சத்தைப் பிடிப்பது என் ஆராய்ச்சி. உள்ளே மூலக்கூறுகள் எப்படி ஓடுகின்றன, எவ்வளவு முட்டிக்கொள்கின்றன என்பதை அந்த வெளிச்சமே சொல்லிவிடும். ஆனால் ஒரு தூசி உள்ளே போனால் போச்சு. தூசியின் வெளிச்சம் வாயுவின் வெளிச்சத்தை முழுங்கிவிடும். இப்படி வருஷக்கணக்கில் தூசியை விரட்டியே முன்மண்டை வழுக்கையானவன், நைனார்பாளையத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில், வாயுவைக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஊதுபத்தி ஏற்றினேன்.

அதற்கு முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. "காத்துல டார்ச்சு அடிக்கற பையனுக்கு எப்படிங்க பொண்ணு குடுக்கறது?" என்று ஒரு வீட்டில் கேட்டார்களாம். அதனால் மணலூர்பேட்டையில் பஸ் ஏறும்போதே அம்மா சொல்லிவிட்டாள்: "டேய், இந்த தபாவாவது புரியற மாதிரி சொல்லு. இல்லன்னா வாயத் தொறக்காம பஜ்ஜி துன்னு."

இரண்டாவதுதான் நல்ல யோசனை.

பெண் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாரம் முழுக்க மலையில் தங்கல், சனி ஞாயிறு வீடு. காபி கொடுத்துவிட்டு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவருடைய அப்பா என்னைக் கேட்டார்.

"தம்பி இன்னா வேல?"

"காத்துல வெளிச்சத்த உட்டு, அது எப்படி ஓடுதுன்னு பாக்கறதுங்க."

"அதுக்கு சம்பளம் குடுக்கறாங்களா?"

"உதவித்தொகைங்க."

"காத்துக்கு உதவியா?"

அம்மா என் காலை மிதித்தாள். நான் அதைத் 'தொடங்கு' என்று புரிந்துகொண்டேன். சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தியை ஏற்றி, சட்டைப்பையிலிருந்த பச்சை லேசரைப் புகையில் அடித்தேன். பச்சைக் கோடு அழகாகத் தெரிந்தது. கோட்டுக்குள் புகை சுழன்றது. "பாருங்க, காத்து மூலக்கூறு எல்லாம் எப்படி ஓடுது!" என்றேன், நானே பெற்று வளர்த்தவை மாதிரி.

பெண் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இது ஃபேன் சுத்தறதுல ஓடற பொகை. காத்து எங்கங்க?"

சரியான கேள்வி. பதில் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் புகை தொண்டைக்குள் போய், கிளம்பும் வரைக்கும் இருமினேன்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஒன்றும் திட்டவில்லை. "பஜ்ஜி நல்லா இருந்திச்சி. அத்தோட திருப்திப்பட்டுக்க" என்றாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. முதல் இரண்டு இடம் போனபோது இப்படி இல்லை. அங்கே யாரும் காற்று எங்கே என்று கேட்கவில்லை.

அடுத்த வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"நாந்தாங்க, கணக்கு டீச்சர். இந்த எடம் சரியா இல்லையான்னு அப்பா கேட்டுக்கினே இருக்காரு. நான் கேட்டதுக்கே இன்னும் பதில் வரல. நான் இன்னா சொல்றது?"

நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். "இப்ப எங்க இருக்கீங்க?"

"பஸ் ஸ்டாப்புல. மலைல இங்கதான் சிக்னல் எடுக்கும்."

"அண்ணாந்து பாருங்க. அந்த நீலம் இருக்குதே, அதான் காத்து. வெயிலு காத்துல பட்டுச் செதறி வர்ற வெளிச்சம்."

"மேகம் மூடிக்கினு இருக்குதுங்க."

என் ராசி அப்படி. மேகம் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று விளக்க ஆரம்பித்தபோது, போனுக்குள் ஒரு பஸ் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது, நிற்காமல் கடந்து போனது.

"கேட்டீங்களா! வரும்போது ஹாரன் கீச்சுன்னு இருந்திச்சி. தாண்டிப் போனதும் சத்தம் தொங்கிப்போச்சி. வெளிச்சமும் அப்படித்தாங்க. நம்மள நோக்கி ஓடியார மூலக்கூறு மேல பட்டா நெறம் ஒரு துளி நீலத்துப் பக்கம் நவுரும். அந்தாண்ட ஓடறதுல பட்டா செவப்புப் பக்கம். எல்லாத்தையும் சேத்துப் பாத்தா நெறம் எவ்ளோ அகலமா பரவியிருக்குதோ, அவ்ளோ வேகமா ஓடுதுன்னு அர்த்தம்."

முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அது நான் போவ வேண்டிய பஸ்ஸு" என்றார்.

"ஐயோ! கை காட்டலியா?"

"நீங்க பேசிக்கினு இருந்தீங்களே. சரி, அடுத்த பஸ்ஸு வர்ற வரைக்கும் சொல்லுங்க. ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காதா?"

எங்கள் ஊர் ஆற்றுத் திருவிழாவைச் சொன்னேன். தை மாதம் தென்பெண்ணை மணலில் ஆள் கம்மியாக இருக்கிற இடத்தில் அவரவர் இஷ்டத்துக்கு நடப்பார்கள். அடர்த்தி கம்மியான வாயு அப்படி. சாமிகள் வந்து நிற்கிற இடத்தில் நெரிசல் ஜாஸ்தி. பின்னால் ஒருவர் தள்ளினால், அந்தத் தள்ளு மட்டும் கைமாறிக் கைமாறி முன்வரிசைக்கு வந்து சேரும். அடர்ந்த வாயுவில் ஒலி அப்படித்தான் போகிறது. அதுவும் சிதறிய வெளிச்சத்தில் தெரியும், அளந்து வரைபடம் போட்டால் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மேடாக.

"அந்த மேட்ட நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன். தூசி இல்லாத அன்னைக்கு."

அவர் சிரித்தார். எத்தனையோ கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன், அப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை.

"மேகம் கொஞ்சம் வெலகிச்சிங்க. ஒரு மூலையில நீலமா தெரியுது."

"காத்து."

"உம்."

தூரத்தில் இன்னொரு ஹாரன் கீச்சென்று கேட்டது. அது தொங்குவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று அவசரமாகக் கேட்டேன்: "அப்போ, அம்மாவ இட்டுக்கினு தட்டு மாத்த வரட்டுங்களா?"

"வாங்க, ஊதுபத்தி மட்டும் வாணாம்."