பரமேஸ்வரி அக்கா போடாத எரு

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டோர்ட்மண்டில் டிராமுக்காக நின்றுகொண்டிருந்தபோது, பரமேஸ்வரி அக்காவின் மகள் துளசி அழைத்தாள். "மாமா, அம்மா விடியப்புறம் நித்திரையிலேயே போயிட்டா" என்றாள். வந்த டிராமை விட்டுவிட்டேன், அடுத்ததையும் விட்டுவிட்டேன். அக்காவை அறிந்த உங்களுக்கு அவரது நல்ல குணங்களை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சொல்லும் அந்த எருக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. ஓர்க்கிட் பூக்களுக்கு எருப் போட்டுக் கெடுத்தவர் அக்கா அல்ல. நான்தான்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் சேர்ந்து வேலை செய்தவர்கள் நாங்கள். படுக்கை விரிப்பு மடிக்கும்போது என் முனையை நான் சரியாகப் பிடிப்பதில்லை என்று அவர் தினமும் குறை சொல்வார். ஓய்வுபெற்ற பிறகு, முழங்கால் வலிக்கு நடக்கச் சொன்னார் வைத்தியர். பழைய நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய கல்மேட்டில் நடக்கப் போனவர், சில ஜெர்மன் முதியவர்கள் தரையில் முழந்தாளிட்டு இருப்பதைக் கண்டார். "என்னத்தையோ துலைச்சிட்டினம் எண்டு நினைச்சு நானும் குனிஞ்சு தேடினன்" என்று பிறகு எங்களிடம் சொன்னார். அவர்கள் காட்டு ஓர்க்கிட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடமே அக்காவும் அந்த இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தில் ஓர் ஆள். பூக்களைச் சுற்றிப் போட்டிருந்த வேலிக் கதவுப் பூட்டின் திறப்பு ஒன்றும் அவர் கையில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்களை அங்கே கூட்டிப்போவார். ஒரு ஜூன் மாதம் நானும் போனேன். கடையில் விற்கும் பெரிய பூக்களை எதிர்பார்த்துப் போனவனுக்கு, கறுத்த கல்லுக்கு நடுவே மெல்லிய தண்டும், தேனீ உட்கார்ந்திருப்பது போன்ற சின்னப் பூவும்தான் கிடைத்தன. "இதுக்கோ என்னை இவ்வளவு தூரம் ஏத்தினனீங்கள்?" என்றேன். "குந்தியிருந்து பாரும். நிண்டு பாக்கிற ஆளுக்கு இது தெரியாது" என்றார். குந்தினேன். பிறகு எழும்ப மனம் வரவில்லை.

எனக்கு அந்தச் செடிகளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. நான் வெங்காயப் பயிர் செய்த குடும்பத்துப் பிள்ளை. கல்லுக்குள் மெலிந்து நிற்கும் பயிரைக் கண்டால் கை சும்மா இருக்குமா? அடுத்த மார்ச்சில் அக்கா முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் போனபோது, வேலியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் திறப்பை என்னிடம் தந்தார். நான் ஒரு பை உலர்ந்த மாட்டெரு வாங்கி, பூ அதிகம் நின்ற சரிவு முழுவதும் தூவினேன். அக்கா வந்து பார்த்து அசந்துபோவார் என்று நினைத்தேன். ஜூனில் அங்கே முழங்காலளவு புல்லும் தொட்டால் சொறியும் காஞ்சோண்டியும் நின்றன. ஒரு பூவும் இல்லை. சத்தில்லாத மண்ணில்தான் அந்த ஓர்க்கிட் பிழைக்கும், எருப் போட்டால் புல் அதை அமுக்கிவிடும் என்பதை நான் யாரிடமும் கேட்கவில்லை.

அக்காவோடு நானும் போயிருந்த சங்கக் கூட்டத்தில், எருப் பையின் கிழிந்த துண்டு ஒன்றை மேசையில் வைத்து, யார் செய்தது என்று தலைவர் கேட்டார். நான் கள்ள முழி முழித்தபடி இருந்தேன். பக்கத்திலிருந்த அக்கா எழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் தான் போட்டிருக்க வேண்டும், மறந்துவிட்டது என்று ஜெர்மனில் சொல்லி, திறப்பைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "உண்மையைச் சொல்லியிருந்தா நீர் இந்தப் பக்கம் தலை வைச்சும் படுத்திருக்க மாட்டீர். பிழை விட்ட ஆள்தான் வந்து புல்லு வாரோணும்" என்றார்.

வாரினேன். நான்கு இலையுதிர்காலம், மண்ணை மறுபடி மெலிய வைப்பதற்காக, அறுத்த புல்லை எல்லாம் வாரிக் கீழே இறக்கினோம். இடையிடையே, "கூட்டத்தில சொல்லிப்போடட்டோ அக்கா?" என்பேன். "முதல்ல அந்த மூலையை வாரும்" என்பார். அதையே சாட்டாக வைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன். கோழை என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று துளசி என் பக்கத்தில் வந்து இருந்தாள். "அந்த எருப் பிரச்சினையோடதான் மாமா, அம்மாவுக்கு மறதி தொடங்கீட்டுது எண்டு எங்களுக்குத் தெரிஞ்சது. டொக்டரிட்ட டெர்மின் எடுத்துக் காட்டினம். ஒண்டுமில்லை எண்டவை. எண்டாலும் எனக்குப் பயம். பிள்ளையளை அவவோட தனிய விடவே இல்லை."

எனக்கு இது தெரியாது. பேரப்பிள்ளைகளையும் மேட்டுக்குக் கூட்டி வாருங்களேன் என்று நான் கேட்டபோதெல்லாம், "அதுகளுக்குப் படிப்பு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார் அக்கா.

சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, துளசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அம்மாவுக்கு மறதி இல்லையோ, மாமா?"

"இல்லைப் பிள்ளை. அவ ஒண்டையும் மறக்கேல்லை."

எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை, அது நியாயம்தான். சனிக்கிழமை சங்கத்தில் போய்ச் சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன். அக்கா எனக்காகச் சுமந்த அந்தப் பழியைத்தான் அவருடைய நினைவாக நான் வைத்துக்கொள்கிறேன். இனி அந்தக் கதையைச் சொல்லும்போது, தயவுசெய்து என் பெயரைச் சொல்லுங்கள்.