பொய் வாசிப்பு

நாளைக்கு வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணிக்கு என் பேத்தியின் வகுப்பில் நான் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வேண்டும். இதை எழுத இருந்ததிலிருந்து நாலு தரம் எழும்பித் தண்ணீர் குடித்துவிட்டேன். சிரிக்காதேங்கோ.

மாங்குளத்தில் என் அரிசி மில்லைத் தெரியாத ஆள் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தகரக் கொட்டிலில் ஒரு பழைய இஞ்சினோடு தொடங்கினேன். இன்றைக்கு மெசின் சத்தத்தை வைத்தே உள்ளே போகிற நெல் காய்ந்ததா ஈரமா என்று சொல்லுவேன். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் வந்து தலையைச் சொறிந்துவிட்டுப் போன மெசினை ஒரு குறட்டோடு ஓட வைத்தவன். போன வருடம் யானை வந்து மில்லின் பின்மதிலைத் தள்ளியபோதுகூட, டோர்ச்சோடு முதலில் இறங்கினது நான்தான். அப்படிப்பட்ட ஆள், ஒரு பக்கத்துக்குப் பயந்து மூன்று நாளாகச் சோறு இறங்காமல் இருக்கிறேன்.

எல்லாம் அந்தப் பச்சைத் துணிப்பையால் வந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரும். உள்ளே ஒரு கதைப் புத்தகமும் ஒரு அட்டையும் இருக்கும். வீட்டில் பெரிய ஆள் ஒருவர் பிள்ளையோடு இருந்து வாசித்து, அட்டையில் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டும். மகனும் மருமகளும் வவுனியாவில் வேலை. விடியக் காலை பஸ்ஸில் போனால் பொழுதுபடத்தான் வருவார்கள். அதனால் பை என்னிடம் வந்தது. கையெழுத்தென்றால் எனக்குக் குறைவில்லை. வாலைச் சுழித்து, கீழே இரண்டு கோடு இழுத்து, அரசாங்கக் கச்சேரி ஐயாமார் வைப்பதுபோல வைப்பேன்.

எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதேங்கோ. தெரியாமலா இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்? தனியே இருந்து, விரல் வைத்து, என் பாட்டுக்கு வாசித்தால் ஒரு எழுத்தும் தப்பாது. பக்கத்தில் ஒருவர் காது கொடுத்தால்தான் எழுத்துகள் எல்லாம் சல்லடையில் விழுந்த நெல்போலக் குதிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் நான் ஒரு வேலை செய்வேன். முதல் இரண்டு மூன்று சொல்லைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை நானே இட்டுக்கட்டி, தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டு போவேன்.

ஏழு கிழமை இப்படியே ஓடியது. எட்டாவது கிழமை வந்த புத்தகத்தில் ஒரு ஆமை குளம் தேடிப் போனது. என் வாசிப்பில் அது களைத்துப்போய், வழியில் வந்த ட்ராக்டரின் பெட்டியில் ஏறிக் குளத்தில் போய் இறங்கியது. அபிநயா, அதுதான் என் பேத்தி, வகுப்பில் எழும்பி நின்று அப்படியே சொல்லியிருக்கிறாள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

வீட்டுக்கு வந்தவள் பையைக் கதிரையில் எறிந்தாள்.

"அப்பப்பா, புத்தகத்தில ட்ராக்டரே இல்லை. நான் எல்லாப் பக்கமும் பாத்திட்டன்."

"இல்லாட்டி என்ன பிள்ளை, ஆமைக்குக் கால் நோகாதே?"

"நீங்கள் பொய் வாசிக்கிறீங்கள்."

ஒன்பது வயதுப் பிள்ளையின் வாயால் கேட்ட சொல். மில்லுக்குள் போய், ஓடாத மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றேன். கையில் அந்தப் புத்தகம் இருந்தது. புது மையின் மணத்தோடு தவிட்டு மணமும் சேர்ந்து அதிலிருந்து வந்தது. முன்பும் ஒருமுறை ஒரு தாள் என் கையில் இப்படி மணத்திருக்கிறது.

அது சண்டைக் காலம். டீசல் கிடையாது, மண்ணெண்ணெயில்தான் இஞ்சின் ஓடும். அதுவும் இருமி இருமி ஓடும். வெளியே பாலை மர நிழலில் நெல் மூட்டைகளோடு ஆட்கள் மணிக்கணக்கில் இருப்பார்கள். யாருக்குக் கடிதம் வந்தாலும் வாசிக்கிற ஆள் நான். அந்தக் காலத்துக் கடிதங்களின் முதல் வரி உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்: "நாங்கள் இங்கு நல்ல சுகம். அதுபோல் உங்கள் சுகத்தையும் அறிய ஆவல்." எழுதுகிறவரின் வீட்டுக் கூரை பற்றி எரிந்தாலும் முதல் வரி அதுதான். எனக்கு அது பார்க்காமலே வரும். அதைப் பெரிய குரலில் எடுத்துவிட்டால் மிச்சம் தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு வரும்.

இரண்டு வளவு தள்ளியிருந்த செல்வமக்கா பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவா. தாயும் தமையனும் செட்டிகுளத்தில். ஓமந்தைக் காவலரணைத் தாண்டிப் போக அனுமதிப் பாஸ் எடுக்க வேண்டிய காலம். நெல் குத்த வந்தவா மடியிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினா.

"அண்ணர் எழுதியிருக்கிறார். ஒருக்கா வாசிச்சுச் சொல்லடா தம்பி."

நிழலில் நாலு பேர் இருந்தார்கள். "முதலாளி வாசிச்சா ரேடியோக்காரன் தோத்துப்போவான்" என்றார் ஒருவர். அந்தத் தமையனின் எழுத்தோ மழைக்கு முன் ஓடுகிற எறும்பு. முதல் வரியைச் சொன்னேன். இரண்டாவது வரியில் "அம்மா" என்ற சொல்லைப் பிடித்தேன். நாலு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மாவும் நல்ல சுகமாம் அக்கா. அவசரமில்லையாம், அரிவு வெட்டு முடிஞ்சாப் பிறகு ஆறுதலா வரட்டாம்."

"அப்பாடா" என்று சொல்லி, கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனா.

இரண்டாவது கடிதம் வந்தது. தபால்காரர் வாசலிலேயே வாசித்துச் சொன்னாராம். அம்மா செத்து எட்டுச் செலவும் முடிந்துவிட்டது, நீ ஏன் வரவில்லை என்று தமையன் கேட்டிருந்தார். அடுத்தநாள் செல்வமக்கா பழைய கடிதத்தோடு மில்லுக்கு வந்தா. என்னிடம் நீட்டவில்லை. வரிசையில் தாயோடு நின்ற ஒரு பள்ளிக்கூடப் பெட்டையிடம் கொடுத்தா. அவள் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி வாசித்தாள். "அம்-மா-வுக்-குக் கடுமை. உன்-னைத்-தான் கேட்-கிறா. உடனே பாஸ் எடுத்து வா." தாள் முழுக்க முடிக்கப் பத்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. ஒருவரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"கண்ணுக்குள்ள தவிடு விழுந்திட்டுது அக்கா, அண்டைக்கு..." என்றேன்.

அவா ஏசவில்லை. "விளங்கேல்லை எண்டு சொல்லியிருக்கலாமேடா தம்பி" என்றா. கடிதத்தை மடித்து மடிக்குள் வைத்துக்கொண்டு, நெல்லைக் குத்தாமலே தூக்கிக்கொண்டு போனா.

அன்றைக்கே வெளிக்கிட்டிருந்தாலும் பாஸ் கிடைத்துப் போய்ச் சேர்ந்திருப்பாவோ, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு யார் கடிதம் நீட்டினாலும் கண்ணாடி இல்லை என்று சொல்லிவிடுவேன். அப்போது எனக்கு நாற்பது வயதுகூட இல்லை.

இந்தத் திங்கள் அதே ஆமைப் புத்தகத்தோடு ஒரு அறிவித்தலும் பையில் வந்தது. வெள்ளிக்கிழமை வீட்டு ஆட்கள் வந்து பிள்ளைகளோடு வாசிக்க வேண்டுமாம். புத்தகத்தை மனப்பாடமாக்கிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று ரீச்சர் அங்கேதான் சொல்லுவா என்றாள் அபிநயா. வவுனியாவில் மெசின் சாமான் எடுக்க வேணும் என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு, காய்ச்சல் வாறமாதிரி இருக்குது பிள்ளை என்றேன்.

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சரி, வராதேங்கோ. எல்லாருக்கும் ஆள் வரும். நான் தனிய வாசிக்கிறன்."

எனக்கு ஏசியிருந்தால் பரவாயில்லை. ஆள் பார்த்தால் எனக்கு எழுத்து விளங்காது பிள்ளை, நீ பழக்கினால் வாறன் என்றேன்.

இன்று பின்னேரம் முழுக்க இரண்டு பேரும் ஆமையோடு இருந்தோம். வழுக்க வெளிக்கிட்ட இடமெல்லாம் என் விரலைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். ஒரு பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் பிடித்தது. நாளைக்கு அந்தச் சின்னக் கதிரையில் இருந்து, ஊர் பார்த்திருக்க, எழுத்துக்கூட்டப் போகிறேன். மில் முதலாளியின் மானம் எட்டரைக்குப் போகுமோ, எட்டே முக்காலுக்குப் போகுமோ என்று இப்போதே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாலை மரம் ஷெல்லில் போய்விட்டது. நிழலில் இருந்த நாலு பேரில் ஒருவரும் இல்லை. கடிதம் எழுதுகிறவர்களும் இல்லை. சுகமோ கடுமையோ, போனில் அவரவர் குரலிலேயே வந்துவிடுகிறது. கடைசி இடப்பெயர்வில் செல்வமக்கா எந்தப் பக்கம் போனா என்று யாருக்கும் தெரியாது. அவாவின் வளவில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கடிதம் இன்றைக்கு என் கையில் கிடைத்தால், யார் பார்த்திருந்தாலும் விரல் வைத்து வாசிப்பேன்.

அதன் இரண்டாவது வரியை நான் இன்னும் என் வாயால் வாசிக்கவில்லை.