கால் மார்க் போன இடம்

"அந்தக் கால் மார்க் எந்த எடத்துல போச்சுங்க சார்?"

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை மதியம், கொல்லிமலையில் ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வி இது. கோபமாகக் கேட்கவில்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பது போலத்தான் கேட்டார். ஆனால் நாற்பது வருடமாக சினிமா பார்க்கிற, அதைப் பற்றி வாராவாரம் ஓயாமல் எழுதுகிற எனக்குப் பதில் தெரியவில்லை.

வினையை நானேதான் தேடிக்கொண்டேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஆன்லைனில் படங்களுக்கு ஸ்டார் போடுவது பற்றிப் புலம்பியிருந்தேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை, முழு ஸ்டார் மட்டும்தான். அரை கிடையாது. மூன்று போட்டால் சுமார் என்றாகிவிடுகிறது. நான்கு போட்டால் பிரமாதம். சுமாருக்கு மேலே, பிரமாதத்துக்குக் கீழே இருக்கிற படங்களை என்ன செய்வது? நாம் பார்ப்பதில் முக்கால்வாசி அங்கேதானே கிடக்கின்றன? அரை வேண்டும், முடிந்தால் கால்கூட வேண்டும் என்று எழுதினேன்.

நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரு வாசகர் இன்னும் மேலே போய், நூற்றுக்கு மார்க் போட வழி செய்ய வேண்டும் என்றார். அறுபத்திரண்டு மார்க் படத்துக்கும் அறுபத்து மூன்று மார்க் படத்துக்கும் என்ன வித்தியாசம் என்பதை மட்டும் அவர் எழுதவில்லை.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு போன் செய்தவர்தான் அருள்ராஜ். கொல்லிமலையில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம். மாற்றலாகி மலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு சினிமா வட்டம் ஆரம்பித்துவிட்டார். மாதம் ஒரு படம் போட்டுக் காட்டுகிறார். இந்த முறை மலையில் இருப்பவர்களுக்காக ஒரு குறும்படப் போட்டி. செல்போனில் எடுத்தால் போதும்.

"ஒன்பது படம் வந்துச்சு சார். எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்தி, பாக்கறவங்களே ஸ்டார் போடட்டும்னு விட்டேன். சொந்தக்காரங்க எல்லாம் அஞ்சு. ஆகாதவங்க எல்லாம் ஒண்ணு. கூட்டிக் கழிச்சுப் பாத்தா ஏழு படம் நாலு ஸ்டார்ல வந்து நிக்குது. நான் யாருக்குப் பரிசு குடுக்கறது?"

"அதுக்கு?"

"நீங்க வாங்க. பத்துக்கு மார்க். நீங்க எழுதின மாதிரியே கால், அரை, முக்கால் எல்லாம் போடலாம்."

மறுக்க முடியுமா? என் கோரிக்கையை ஏற்றுக்கொண்ட முதல் மனிதர் அவர்.

பரிசு என்றால் கோப்பை, பொன்னாடை இல்லை. சென்னையில் பத்து நாள் எடிட்டிங் பயிற்சி. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அருள்ராஜ் யார் யாரையோ பிடித்து வாங்கிய ஒரே ஓர் இடம்.

என்னோடு இன்னொரு நடுவரும் வந்தார். நாமக்கல்லில் தமிழ்ப் பேராசிரியர். எழுபது கொண்டை ஊசி வளைவில் ஐம்பதைத் தாண்டும்போதே அவர் கண்ணை மூடிவிட்டார். மலைமேல் வாசலூர்பட்டி போய்ச் சேர்ந்ததும் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு விடுதி அறையில் படுத்தவர்தான், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. ஆக, மார்க் போடுவது நான் ஒருவன் மட்டும்.

படகு விடும் ஏரியைத் தாண்டி ஒரு சமுதாயக் கூடம். ஜன்னல்களைப் போர்வையால் மூடியிருந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். படம் எடுத்தவர்கள், அவர்கள் குடும்பம், பலாப்பழ சிப்ஸ் பாக்கெட்டோடு உள்ளே வந்துவிட்ட இரண்டு டூரிஸ்ட்கள்.

ஒன்பது படத்தில் இரண்டு எனக்குப் பிடித்திருந்தன.

ஒன்று, வளப்பூர் நாட்டில் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) பள்ளி ஆசிரியராக இருக்கும் மோகன் எடுத்தது. அருவிக்கு இறங்கும் படிக்கட்டில் அன்னாசிப்பழம் விற்கிறவரின் ஒரு நாள். ஒவ்வொரு ஷாட்டும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

இன்னொன்று, குண்டனி நாட்டில் மரவள்ளியும் மிளகும் போடுகிற கோகிலா எடுத்தது. பதினோரு நிமிடம். உயரமான சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறார்கள். மூங்கில் ஏணி வைத்து ஏறித்தான் பறிக்க வேண்டும். கணவன் முன்பு ஒரு முறை மேலிருந்து விழுந்தவன். இந்த வருடம் யார் ஏறுவது என்று கணவனுக்கும் மனைவிக்கும் பேச்சு. கடைசியில் மனைவி ஏறுகிறாள். அவ்வளவுதான் கதை. நடித்தது கோகிலாவும் அவர் கணவர் பெரியசாமியும். விழுந்ததும் நிஜமாகவே பெரியசாமிதான்.

இரண்டுக்கும் ஏழரை போட்டேன். ஏழரை என்று எழுதும்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

"ரெண்டும் சமமா இருந்தா எப்படி சார்? இடம் ஒண்ணுதான்" என்றார் அருள்ராஜ். "அதான் கால் இருக்கே."

ஆமாம், இருக்கிறது. நானே கேட்டு வாங்கியது. பேனாவை எடுத்தேன். கோகிலாவின் ஏழரையை அடித்து ஏழே கால் என்று எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. மணி இரண்டு. நல்ல பசி. மோகன் பெயரை மைக்கில் சொன்னார்கள், கை தட்டினார்கள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோதுதான் கோகிலா வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கையில் ஒரு பை. பின்னால் பெரியசாமி.

கேள்வியைக் கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "வருத்தமெல்லாம் இல்லீங்க. ஊட்டுல கேப்பாங்க, எதுல கொறஞ்சுதுன்னு. சொல்லோணுமில்லீங்க?"

சட்டைப் பையிலிருந்து மார்க் தாளை எடுத்தேன். ஏழே கால் என்று மட்டும் இருந்தது. காரணம் எழுதுவதற்கு அதில் கட்டமே இல்லை. இருந்திருந்தாலும் நான் என்ன எழுதியிருப்பேன்?

நான் தாளையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்திருக்க வேண்டும். "இன்னொருக்கா பாத்துட்டுச் சொல்லுங்க சார். பதினோரு நிமிசந்தானுங்க" என்று போனை எடுத்தார்.

கூடத்துக்கு வெளியே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தோம். நான் படத்தையா பார்த்தேன்? குறையைத் தேடினேன். மனிதனுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அதைத்தானே செய்வான்?

கடைசி நிமிடத்தில் கிடைத்தது. மனைவி மேலே ஏறிவிட்டாள். பாதம் மட்டும் தெரிகிறது, பிறகு அதுவும் இல்லை. கணவன் கீழே ஏணியை இரண்டு கையாலும் பிடித்தபடி அண்ணாந்து நிற்கிறான். அவன் முகத்தின் மேல் உஸ்ஸென்று காற்று இரைச்சல்.

"இங்கதான்" என்றேன். கண்டுபிடித்துவிட்ட நிம்மதி எனக்கு. "மைக்ல காத்து அடிச்சிருக்கு பாருங்க. சவுண்ட் பிரச்சினை. அதுக்குத்தான் கால் கொறச்சேன்."

கோகிலா படத்தை நிறுத்தினார்.

"அது நான் போட்டதுங்க சார்."

"போட்டதுன்னா?"

"மரத்து மேல போயிட்டா காத்துச் சத்தந்தானுங்க கேக்கும். கீழ இருந்து கூப்புட்டாக் காதுல உழுகாது. கீழ நிக்கறவங்களுக்கு அந்தக் காத்தே தெரியாது. இவரு உழுந்த அன்னைக்கு நான் கீழதான் நின்னேன். மேல அப்படிக் காத்து அடிச்சது எனக்குத் தெரியலீங்க. அதனால மேல எடுத்ததுக்கெல்லாம் காத்துச் சத்தம் வெச்சேன். கீழ எடுத்ததுக்கு வெக்கல. கடைசியில மட்டும், அவரு கீழ நிக்கறாரு... ஆனா அவருக்குக் கேக்குது. ஏறுனவராச்சேங்க."

"அந்தச் சத்தத்தை எப்படிப் புடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"போனை இடுப்புல கட்டிக்கிட்டு நானே ஏறுனேனுங்க. மூணு நாளு. மொத ரெண்டு நாளு காத்தே இல்லீங்க."

"மூணு நாளும் ஏணியப் புடிச்சது நானுங்க" என்றார் பெரியசாமி. அன்று முழுக்க அவர் பேசிய ஒரே வாக்கியம் அது.

மறுபடி முதலிலிருந்து பார்த்தேன், இந்த முறை காதைக் கொடுத்து. அவர் சொன்னது சரி. மேலே போகும்போதெல்லாம் காற்று. கீழே வந்தால் கோழிச் சத்தம், பாத்திரச் சத்தம், பேச்சு. காற்று மட்டும் இல்லை. கடைசி ஷாட்டில் அது தரைக்கு வருகிறது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால் நமக்கே கைவிரல் இறுகுகிறது. படத்தின் உயிரே அங்கேதான் இருந்தது. நான் அதற்குத்தான் கால் மார்க் பிடித்திருக்கிறேன். அதையும் உண்மையில் அதற்காகப் பிடிக்கவில்லை. பிடித்துவிட்டுப் பிறகு காரணம் தேடினேன்.

அருள்ராஜிடம் போனேன். தப்பாகப் போட்டுவிட்டேன், மாற்ற வேண்டும் என்றேன். சான்றிதழோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்த மோகன் காதிலும் அது விழுந்தது.

"சார், அறிவிச்சாச்சு. இனிமே எப்படி?" என்றார் அருள்ராஜ். அவர் முகம் வாடிவிட்டது.

மோகன் சான்றிதழைச் சுருட்டினார். பிறகு, "நீங்க தப்பா மார்க் போட்டதுக்கு நான் என்ன சார் பண்ணுவேன்? அம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன்" என்றார். அதுவும் நியாயம்தானே? அவர் படமும் நல்ல படம்தான்.

பின்னாலேயே வந்த கோகிலா குறுக்கே பேசினார்.

"மாத்த வேண்டாங்க சார். மாத்தினீங்கன்னா இப்ப நான் கேட்டதையே அவரு கேப்பாரு. அவருகிட்ட என்ன சொல்லுவீங்க?"

மோகனின் படத்தில் அந்த அதிகப்படி கால் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியாதே.

என்னால் முடிந்ததைச் செய்தேன். மைக்கை வாங்கி, கிளம்பிக்கொண்டிருந்தவர்களை உட்காரச் சொன்னேன். இந்த மாதிரி, இந்தப் படத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் குறை என்று நினைத்துவிட்டேன், இன்னொரு முறை போடுகிறோம், காதால் பாருங்கள் என்றேன். எண்ணிச் சொல்லவில்லை, பாதிப் பேருக்கு மேல் உட்கார்ந்தார்கள். கடைசி ஷாட்டில் சிப்ஸ் பாக்கெட் சத்தம்கூட நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த மோகன் திரும்பி கோகிலாவைப் பார்த்தார். முடிந்ததும் அவரிடம் போய் ஏதோ கேட்டார். கோகிலா இடுப்பைத் தொட்டுக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

ஆனால் சென்னைக்குப் போனது மோகன்தான். அதை மாற்ற முடியவில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது, இதை எழுதும்போதும்.

ஊருக்கு வந்ததும் ஆன்லைனில் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்தேன். ஸ்டார் போடச் சொல்லி ஐந்து கட்டம். என் மனதில் நாலரை. அரை இல்லை. ஐந்தை அழுத்திவிட்டு, கீழே ஏன் என்று எட்டு வரி எழுதினேன். அந்த எட்டு வரிக்கு அரை மணி நேரம் ஆனது. படத்தை ஐந்தாவது முறையாகப் பார்க்க வேண்டியிருந்தது.

சரி, அரையும் காலும் வேண்டுமா, வேண்டாமா? வாசகர்கள் கேட்பீர்கள்.

அரை வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். ஒரு படம் சுமாருக்கும் பிரமாதத்துக்கும் நடுவே இருக்கிறது என்பது என்னால் சொல்லக்கூடிய விஷயம். எதிரே நின்று ஒருவர் கேட்டாலும் சமாளித்துவிடுவேன். காலைக் கைவிட்டுவிட்டேன். ஏழே காலுக்கும் ஏழரைக்கும் உள்ள வித்தியாசம் படத்தில் இல்லை. அது பார்க்கிறவனின் பசியில் இருக்கிறது, அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் இருக்கிறது, அதற்கு முன்னால் என்ன படம் பார்த்தான் என்பதில் இருக்கிறது. எண்ணைப் பொடியாக்கப் பொடியாக்க, துல்லியமாகப் பார்த்துவிட்டோம் என்ற எண்ணம் மட்டும் பெரிதாகிறது. மொத்தமாக மூன்று ஸ்டார் போடுகிறவனுக்காவது, தான் குத்துமதிப்பாகத்தான் போடுகிறோம் என்று தெரியும். எனக்கு அன்று அதுகூடத் தெரியவில்லை.

ஆன்லைனில் இன்னொரு வசதி இருக்கிறது. கை கழுவுகிற இடத்துக்கு வந்து யாரும் கேட்க மாட்டார்கள். எத்தனை பேருடைய மூன்று நாள் உழைப்பின் மேல் நாம் விரலை வைத்து அழுத்திவிட்டுத் தூங்கப் போயிருக்கிறோம்?

போன வாரம் ஒரு போன். புது நம்பர்.

"ஏனுங்க சார், கோகிலா பேசறேனுங்க. நல்லா இருக்கறீங்களா?"

அடுத்த படம் எடுக்கப் போகிறாராம். இந்த முறை கொஞ்சம் பெரிது, இருபது நிமிடம். மோகன் சென்னையிலிருந்து வந்ததும் எடிட்டிங்கில் கூட உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாராம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. என்ன உதவி வேண்டும் என்றேன்.

"ஒரு ஆபீசரு வேசம் இருக்குதுங்க சார். ரெண்டு நிமிசம் வருவாரு. நீங்க நடிச்சுக் குடுக்கோணும்."

எனக்கு வசனம் மனப்பாடம் ஆகாதே என்று தயங்கினேன்.

"வசனம் இல்லீங்க. ஒரு பொம்பள வந்து அவருகிட்ட ஒரு கேள்வி கேக்கும். அவரு கையில இருக்கற தாளையே பாத்துக்கிட்டு நிப்பாரு. அவ்வளவுதானுங்க."

ஒப்புக்கொண்டேன். ஒத்திகை தேவைப்படாது.