நீலக்கண் குட்டியும் எங்கள் வீட்டு உறவுமுறையும்

எங்கள் வீட்டு வெள்ளை நாய் போட்ட ஆறு குட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் இரண்டு கண்ணும் நீலமாகவே நின்றுவிட்டது. கண் திறந்த புதிதில் எல்லாக் குட்டிக்கும் அப்படித்தான் இருக்கும், போகப் போக மாறிவிடும் என்றார் என் வீட்டுக்காரர். மற்ற ஐந்துக்கும் மாறித் தேன் நிறத்துக்கு வந்தது. இது மட்டும் மாறமாட்டேன் என்றது. வெள்ளைவெளேரென்ற உடம்பு, ரோஸ் நிற மூக்கு, அதற்கு மேலே சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த மாதிரி இரண்டு கண்.

இவர் அப்போது புதுவயலில் ஒரு அரிசி மில்லில் சூபர்வைசராக இருந்தார். மனிதருக்குச் சீட்டாட்டம் கிடையாது, சினிமாப் பைத்தியம் கிடையாது, நாய்ப் பைத்தியம் மட்டும் உண்டு. அதுவும் சாதாரண நாய் ஆகாது. இராஜபாளையம் நாய், ஜாதி சுத்தமாக இருக்க வேண்டும். உடம்பில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத் தாய் நாயை அதன் தகப்பனுடனேயே சேர்த்தவர் இவர். அதைப் பெருமையாக வேறு எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். மதுரையில் நாய்க் கண்காட்சியில் ஒரு கோப்பை வாங்கிக் கூடத்தில் வைக்க வேண்டும் என்பது இவருடைய வாழ்நாள் லட்சியம். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது.

தாய் நாயைக் கொடுத்த இராஜபாளையத்துக்காரர், நீலக்கண் குட்டி விழுந்தால் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தாராம். ஏன் என்று இவர் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. ஊரில் எவனிடமும் இல்லாத கண் நம்மிடம் இருக்கிறது என்று இவருக்குத் தலைகால் புரியவில்லை.

இருந்தாலும் குட்டி கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். சொன்னேன். உடனே இவர் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வந்து, குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்த இடத்தில் தரையில் ஓங்கிப் போட்டார். ஆறும் துள்ளி எழுந்தன. நீலக்கண்ணும் எழுந்தது. "பாத்தியா? அதுக்குக் காது கேக்குது. உனக்குத்தான் அது மேல ஆகல" என்றார். நானும் நம்பினேன். தரை அதிர்ந்தால் செவிட்டு நாயும் எழுந்திருக்கும், பக்கத்துக் குட்டி துள்ளினால் அதுவும் துள்ளும் என்பது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. அதற்குப் பிறகு அது கூப்பிட்டு வராதபோதெல்லாம், "ஜாதி நாய்ல, திமிரு இருக்கும்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

குட்டிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நான் முழுகாமல் இருந்தேன். அன்றிலிருந்து அத்தைக்கு அந்தக் கண் பெரிய தொந்தரவாகிவிட்டது. அத்தை என்றால் என் மாமியார். என் அப்பாவுடன் பிறந்தவர்.

"ஏத்தா, அந்தப் பூனைக்கண்ணை உத்து உத்துப் பாக்காதே. வயித்துல இருக்கிறதுக்கு அப்படியே ஒட்டிக்கிரும்" என்பார்.

"அப்ப சிவப்பா ஒரு புள்ளை பிறக்கும், நல்லதுதானே அத்தே" என்று நான் வாயாடுவேன். எனக்கு அப்போது பயம் இல்லை.

பயம் மதுரையில் பிடித்தது. குட்டிக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. மில் முதலாளி தன் காரையே கொடுத்தனுப்பினார். அவருக்கும் அந்த நீலக்கண் மேல் ஒரு ஆசை. அத்தை வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, நானும் கூடப் போனேன். கண்காட்சி மைதானத்தில் எங்கள் குட்டியைச் சுற்றித்தான் கூட்டம். இவர் புது வேட்டி கட்டிக்கொண்டு மாப்பிள்ளைத் தோரணையில் சங்கிலியைப் பிடித்தபடி நின்றார்.

நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர், வயதானவர். மற்ற நாய்களின் பல்லைப் பார்த்தார், காலைப் பார்த்தார். எங்கள் குட்டியின் கண்ணைப் பார்த்ததும் அதற்குப் பின்னால் போய் நின்றார். கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்து ஒரு சத்தம் கொடுத்தார். பக்கத்தில் இருந்த நாய்கள் எல்லாம் திரும்பின. எங்களுடையது எதிரே பறந்த ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி கொடுத்தார். அது திரும்பவே இல்லை.

"இதோட அப்பா அம்மா என்ன உறவு?" என்று இவரைக் கேட்டார்.

"அப்பாவும் மகளும் சார். வெளி ரத்தம் சேரக் கூடாதுன்னு கண்ணும் கருத்துமா வளர்த்தது" என்று இவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"அதான். ஒரே ரத்தத்தைத் திருப்பித் திருப்பிச் சேர்த்தா நல்லது மட்டும் சேர்ந்து வராதுங்க. உள்ள மறைஞ்சு கிடக்கிற குறையும் சேர்ந்து வந்து நிக்கும். பாவம், இது முழுச் செவிடு. வளர்த்துக்குங்க. ஆனா இதை வச்சுக் குட்டி எடுக்காதீங்க." இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த நாய்க்குப் போய்விட்டார்.

கார் திருப்பத்தூர் தாண்டும்வரை இவர் அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டே வந்தார். நான் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் அப்பா தன் தங்கையை என் அம்மாவின் அண்ணனுக்குக் கொடுத்து, அம்மாவைக் கட்டினார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. அந்த அத்தைக்கும் மாமாவுக்கும் பிறந்தவர்தான் இவர். எனக்கு அத்தை மகனும் இவரே, மாமன் மகனும் இவரே. எங்கள் கல்யாணத்தில் ஊரே அதைச் சொல்லிச் சொல்லி மெச்சியது. எங்களுக்கு முந்தின தலைமுறையும் அப்படித்தான், அதற்கு முந்தியதும் அப்படித்தான். காரைக்குடியில் லேடி டாக்டர் முதல் நாள் சீட்டு எழுதும்போது, "சொந்தமா, அசலா?" என்று கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும் சொந்தம்" என்று நானும் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்லியிருந்தேன்.

எங்கள் சின்ன மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பிறவியிலேயே காது கேளாதவர், பேச்சும் வரவில்லை. தொட்டிலிலிருந்து விழுந்ததால் அப்படி ஆயிற்று என்று வீட்டில் சொல்வார்கள். நான் அதை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அன்று காரில்தான் முதல் தடவையாக, எந்தப் பிள்ளை தொட்டிலிலிருந்து விழாமல் வளர்ந்தது என்று யோசித்தேன்.

நாய் செவிடு என்று தெரிந்ததும் அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீ அதைப் பாத்துக்கிட்டேதானே இருந்தே?"

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைக்கு ஏதாவது ஒன்று என்றால் பழி போட இடம் தயாராக இருக்கிறது. அத்தை சொல்லியும் கேட்காமல் நாய்க்கண்ணைப் பார்த்தவள் நான். ஊர் அதைத்தான் சொல்லும். கட்டிக்கொண்ட உறவைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இதை இவரிடம் சொல்லி அழ வேண்டும் என்றிருந்தது. ஆனால் சொன்னால் என்ன அர்த்தம்? உங்களைக் கட்டிக்கொண்டது தப்பு என்றல்லவா ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டேன். இவரும் அதற்குப் பிறகு நாயைப் பற்றி வீட்டில் பேசுவதையே விட்டுவிட்டார். எனக்கு அது கோப்பை போன வருத்தம் என்றுதான் பட்டது.

பெண் பிறந்தாள். கண் கன்னங்கரேலென்று இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். எனக்குக் கண்ணைப் பற்றிக் கவலையே இல்லை.

அம்மா வீட்டில் இருந்த மூன்று மாதமும் நரகம்தான். சேவல் கூவும், ரேடியோ பாடும், அண்ணி பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாள், அண்ணி மகன் வீரிட்டு அழுவான். என் பெண் பாட்டுக்குத் தூங்குவாள். "இப்படி ஒரு சமத்துப் பிள்ளை உண்டா" என்று அம்மா திருஷ்டி கழிப்பாள். நான் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவேன். ஒரு சமயம் சத்தத்துக்கு அவள் உடம்பு தூக்கிப் போட்ட மாதிரி இருக்கும். உடனே, கதவு மோதிய அதிர்வாக இருக்கும், காற்றுப் பட்டிருக்கும் என்று தோன்றிவிடும். தாம்பாளத்தைப் போட்டு ஏமாந்தவள் எதை நம்புவேன்?

மூன்றாம் மாதம் பிள்ளையோடு காரைக்குடி வீட்டுக்கு வந்தேன். மற்ற குட்டிகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் இவர் கொடுத்துவிட்டிருந்தார். நீலக்கண் நாய் இப்போது நன்றாக வளர்ந்து கொல்லையில் திரிந்தது. அது பாட்டுக்குக் கிடக்கும். நிழல் விழுந்தால்தான் தலையைத் தூக்கும். நான் அதன் பக்கமே போகமாட்டேன். ஆனால் மற்றவர்கள் கூப்பிடும்போது அது என்ன செய்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பார்த்துவிட்டு வந்து பிள்ளையைப் பார்ப்பேன்.

தூளியில் போட்டால் தரையில் படாது. அதிர்வு போகாது. அங்கே வைத்து, முகம் தெரியாமல் பின்னால் நின்று ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். தினமும் மத்தியானம் போய் நிற்பேன். வாயைத் திறப்பேன். சத்தம் வராது. திரும்பவில்லை என்றால் என்ன செய்வது? இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று அடுப்படிக்குப் போய்விடுவேன். இப்படி ஒரு மாதத்தை ஓட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்பக்கமிருந்து இவர் நாய்களைக் கூப்பிடும் சீழ்க்கை கேட்டது. தூளியில் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று அடங்கினாள். மறுபடி சீழ்க்கை. தலை மெதுவாகக் கொல்லைக் கதவுப் பக்கம் திரும்பியது. மூன்றாவது தடவை அடித்ததும் சிரித்தாள்.

நான் போட்ட சத்தத்தில் அத்தை கையில் அரிவாள்மணையோடு ஓடி வந்தார்.

"கேக்குது அத்தே! பிள்ளைக்குக் காது கேக்குது!"

அத்தை அரிவாள்மணையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு ரெண்டு வாரமாத் தெரியும்த்தா. நீ குளிக்கப் போறப்பல்லாம் தூளிக்குப் பின்னாடி நின்னு கை தட்டிப் பாத்தேன்" என்றார்.

"பாவி அத்தே, சொல்லியிருக்கக் கூடாதா? நான் செத்துக்கிட்டிருந்தேன்!"

"உனக்கு அந்தப் பயம் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாத உனக்கு நான் எதுக்குச் சொல்லிப் பயத்தைக் கிளப்பணும்?"

அப்போதுதான் கொல்லைக் கதவைப் பார்த்தேன். இவர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாய்கள் மூன்றையும் காலையிலேயே சங்கிலியில் கட்டியிருந்தார். சீழ்க்கை அடித்துக் கூப்பிட அங்கே எந்த நாயும் இல்லை. கண் கலங்கியிருந்ததை மறைக்க, "என்ன கூப்பாடு போடுறீக ரெண்டு பேரும்?" என்று ஒரு அதட்டல் போட்டார். எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. ஒரே வீட்டில் மூன்று பேர் ஒரே பயத்தைத் தனித்தனியாக மடியில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறோம். அன்று மூன்று பேரையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தேன், என்னையும் சேர்த்துத்தான்.

பதினோராம் மாதம் பிள்ளையார்பட்டியில் பெண்ணுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடி வேண்டுமே, என் அண்ணன் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டான். இரண்டு வயதான அவன் மகன் பக்கத்தில் மிட்டாயைச் சப்பிக்கொண்டு நின்றான். ஆசாரி ஊசியை எடுத்ததும் பெண் ஊரைக் கூட்டினாள்.

"பாத்துக் குத்துய்யா. என் வீட்டுக்கு வரப்போற பிள்ளை. இந்தா நிக்கிறான் பாரு மாப்பிள்ளை" என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் இது ஒவ்வொரு காதுகுத்திலும் சொல்வதுதான். சொல்லாவிட்டால்தான் குறை.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "அப்படிச் சொல்லாதப்பா" என்றார்.

"ஏன் அத்தே, சீரு பத்தலையா?" என்று அவன் இன்னும் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"சீரெல்லாம் நெறைஞ்சு கிடக்கு. இவ கல்யாணத்துக்கும் தாய்மாமன் நீதான் முன்னால நிக்கணும். ஆனா பொண்ணு கேக்காதே. இவளை அசல்லதான் குடுப்போம்."

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அம்மா கையிலிருந்த பூத்தட்டைக் கீழே வைத்தாள். "உங்க பிறந்த வீட்டுல என்னத்தே குறையைக் கண்டீக?" என்று அவன் கேட்டான்.

"குறை இருக்கா இல்லையான்னு நமக்கே தெரியலையப்பா, அதைத்தான் சொல்றேன். இந்தப் பிள்ளைக்குக் காது கேக்குதுன்னு தெரியிற வரைக்கும் நாங்க மூணு பேரும் செத்துப் பிழைச்சோம். என் காலத்துல உன் சின்ன மாமனைப் பாத்துப் பாத்து நானும் அப்படித்தான் கிடந்தேன், இவன் திரும்பிப் பாக்கிற வரைக்கும்" என்று இவரைக் கைகாட்டினார். "இவளும் ஒருநா அப்படித் தூளிக்குப் பின்னாடி நிக்க வேணாம்."

அண்ணன் பிள்ளையை அத்தை கையில் கொடுத்துவிட்டு எழுந்தான். அன்று சாப்பாட்டுக்கு அவன் உட்காரவில்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வை, நீயாவது போய் அவனைச் சமாதானப்படுத்து என்றது. நான் போகவில்லை. அழுதுகொண்டிருந்த பெண்ணின் காதை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டு, அத்தை பக்கத்திலேயே நின்றேன்.