மரியாதைக்கு மூடிய பிழைகள்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ஆறு பேர் சம்பளமில்லாமல் ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். பிழைகள் வந்து சேரும் வழிதான் சரியில்லை. கல்யாணப் பந்தியில் ஒருவர், புக்கிட் ரம்பாய்க்குப் போகும் பஸ்ஸில் ஒருவர் என்று பிடித்துச் சொல்வார்கள். நான் சாம்பாரோடு அதையும் விழுங்கி மறந்துவிடுவேன்.

வெறுத்துப்போய்ச் சட்டம் போட்டேன். பிழையை மின்னஞ்சலில்தான் எழுத வேண்டும், அதற்கு ஓர் எண் தருவேன். நான் திருத்தியபின், சொன்னவரே சோதித்துச் சரி என்றால்தான் அந்த எண்ணை மூடுவேன்.

பதினேழு பிழைகள் வந்தன. திருத்தி அனுப்பிய ஒரே வாரத்தில் பதினேழு எண்களையும் மூடிவிட்டேன். “எல்லாம் ஓகே லா அண்ணே” என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். குழுவில் நான்தான் மூத்தவன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ரெம்பியாவில் கோயில் அறிவிப்புகள் அடித்துக் கொடுக்கும் என் அக்கா, புதிய பதிப்பைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

“தம்பி, பிரிண்ட் எடுத்தா கடைசி வரி இன்னும் காணோம்டா.”

“அது மூடியாச்சேக்கா. சொன்னவரே சரின்னு எழுதிட்டாரே.”

“என் பக்கத்து வீட்டுக்காரன்தானே? கேட்டேன். அண்ணன் கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்காரு, திரும்பவும் எப்படிச் சொல்றதுன்னு ஓகே போட்டுட்டானாம்.”

அன்றே சட்டத்தைத் திருத்தினேன். எண்களை மூடும் உரிமை இனி அக்காவுக்கு மட்டும்தான்.

திங்கட்கிழமை அவருடைய மின்னஞ்சல் வந்தது. பதினேழில் பதினான்கை மறுபடியும் திறந்துவிட்டிருந்தார். பதினெட்டாவதாக ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருந்தார்: “தம்பிக்குத் தலைக்கனம். இப்போதைக்குச் சரியாகாது. திறந்தே இருக்கட்டும்.”