என் எதிர்ப்பு சக்தியும் பெண்ணாடத்து மாமாவும்

நுரையீரல் மாற்று அறுவை முடிந்து ஒரு வருடத்துக்குமேல் ஆகியிருந்தபோது என் தம்பிக்குச் சிதம்பரத்தில் கல்யாணம் நிச்சயமானது. அதுவரை செம்மண்டலத்து வீட்டையும் சென்னை ஆஸ்பத்திரியையும் தவிர நான் எங்கும் போனதில்லை. டாக்டர் சம்மதித்தார். முகக்கவசம் போட வேண்டும், சூடாகச் சமைத்ததை மட்டும் சாப்பிட வேண்டும், இருமுகிறவர்கள் பக்கம் போகக் கூடாது, எது நடந்தாலும் காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் மாத்திரை தவறக் கூடாது.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெண்ணாடத்திலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி, கரும்பு விவசாயி. ஒரு கையில் பச்சை நிறத்தில் கஷாய பாட்டில். மறு கையில் தோட்டத்தில் பறித்த பம்ளிமாஸ், குழந்தையின் தலை அளவுக்கு.

"தெனம் ஒரு மூடி குடி பாப்பா. எதிர்ப்பு சக்தி ஜாஸ்தியாவும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, எனக்கு அது ஜாஸ்தியாவக் கூடாதுன்னுதான் மாத்திரையே முழுங்குறேன்."

மாமா என் கணவரைப் பார்த்தார். இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்கிற பார்வை.

நான் உட்கார வைத்துச் சொன்னேன். எனக்குள் இருக்கும் நுரையீரல் வேறொருவருடையது. யாரென்று எனக்குத் தெரியாது. அவர் வீட்டார் கொடுத்தது. எனக்கு அது உயிர். ஆனால் என் உடம்பு அதை வெளி ஆளாகத்தான் பார்க்கும், அடித்து விரட்டப் பார்க்கும். அந்தச் சண்டைக் குணத்தை அடக்கி வைக்கத்தான் மாத்திரை. ரொம்ப அடக்கினால் சாதாரணச் சளிகூடப் படுக்கையில் தள்ளிவிடும், விட்டுவிட்டால் நுரையீரல் போய்விடும். அதனால்தான் அடிக்கடி ரத்தம் எடுத்து மருந்தின் அளவைப் பார்க்கிறார்கள்.

பம்ளிமாஸையும் நான் தள்ளி வைத்ததும் மாமா கேட்டார், "சரி, கஷாயம் வேணாம். பழம் என்னா பண்ணிச்சு?"

"அது மருந்தை ரத்தத்துல ஏத்திடும் மாமா. கிட்னிய கெடுத்துடும்."

அவர் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்கே போன் போடச் சொன்னார். போட்டேன். எடுத்த நர்ஸ் பொறுமையாக விளக்க, மாமா "அப்டிங்களா... அப்டிங்களா..." என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "மோர் குடிக்கலாங்களா?" என்றார். அதற்கும் தனியாக ஒரு விளக்கம் கிடைத்தது.

போனை வைத்ததும் மாமா மாறிவிட்டார். கல்யாண மண்டபத்தில் எனக்குக் காவலே அவர்தான். ஜன்னலோரம் காற்று வருகிற இடமாகப் பார்த்து நாற்காலி போட்டார். கட்டிப்பிடிக்க ஓடிவந்த சித்தி மகன் வழியிலேயே ஒருமுறை இருமினான். "மாப்ள, நீ வெளிய போயி வண்டிய பாத்துக்க" என்று மாமா அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். "என்ன மாமா, நான் மாப்பிள்ளைக்கு அண்ணன்!" என்று வாசலிலிருந்து அவன் கத்தியது உள்ளே வரை கேட்டது.

முகூர்த்தம் ஒன்பதை ஒட்டி வந்தது. என் கைபேசி அலாரம் அடிக்கவும் கெட்டிமேளம் தொடங்கவும் சரியாக இருந்தது. எல்லாரும் எழுந்து அட்சதை தூவினார்கள். நானும் எழுந்து மணமேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கையில் யாரோ தட்ட, திரும்பினால் மாமா, மூடி திறந்த தண்ணீர் பாட்டிலுடன்.

"தாலி அவன் கட்டட்டும். நீ மாத்திரைய போடு."

மூன்றாவது முடிச்சு விழுவதற்குள் விழுங்கிவிட்டேன். அட்சதையும் தூவினேன். முகக்கவசத்துக்குள் அழுதேன், சிரித்தேன், யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நானும் மாமாவும் கீழ வீதியில் நடந்தோம். அறுவைக்கு முன்னால் வீட்டில் கட்டிலிலிருந்து கதவு வரை போவதற்கே ஆக்ஸிஜன் குழாயை இழுத்துக்கொண்டு போனவள் நான். பேசிக்கொண்டே நடந்ததில் தூரம் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் மாமாவைக் காணோம். பின்னால் ஒரு பூக்கடையில் கையை ஊன்றி நின்றிருந்தார்.

"நில்லு பாப்பா, எனக்கு மூச்சு வாங்குது."

அடுத்த வாரம் சென்னையில் ரத்தம் கொடுத்து, மூச்சைச் சோதிக்கும் குழாயில் ஊதியும் காட்டினேன். மருந்தின் அளவு சரியாக இருந்தது, நுரையீரலும் நன்றாக இருந்தது. மாமாவுக்குப் போன் செய்தேன். "சரி சரி. அங்க ஓட்டல்ல பச்சையா எதையும் தொட்டுடாத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.