சத்தியமங்கலம் போன தலை

1994-ஆம் வருடம், ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஆறே முக்காலுக்குச் சிங்காநல்லூரில் டவுன் பஸ் ஏறினேன். கையில் ஒரு கோணிச்சாக்கு. உள்ளே, வைக்கோல் சுற்றிய ஒரு தலை.

தலை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நானே செய்தது. மெட்டோபோசாரஸ் என்ற பிராணியுடையது. இருபத்திரண்டு கோடி வருடத்துக்கு முன்னால் ஆற்றிலும் குளத்திலும் கிடந்து, வந்த மீனையெல்லாம் விழுங்கிய மிருகம். பார்த்தால் முதலை மாதிரி இருக்கும். ஆனால் தவளை இனத்தைச் சேர்ந்த இருவாழ்வி. ஆள் நீளத்தைத் தாண்டி வளருமாம். தலை மட்டும் இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், முறம் போலத் தட்டை. எடை பதினான்கு கிலோ.

என் மனைவி மல்லிகா சத்தியமங்கலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. திங்கட்கிழமை விடியற்காலை போவாள், வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து வருவாள். மற்ற நாட்களில் அங்கேயே இன்னொரு ஆசிரியையோடு ஓர் அறையில் வாசம். மூன்று வருடமாக இப்படித்தான். நான் பம்ப்செட் கம்பெனிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்கிறவன். மண்ணில் பதித்து இரும்பை வார்ப்பதற்கான அச்சு அது. அந்த மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நான் சத்தியமங்கலம் போனதில்லை.

போன மாதம் எங்களுக்குள் சண்டை வந்தது. "வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துரு. நாலு காசுக்காக ஆளுக்கொரு ஊர்ல கிடக்கோணுமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. "ஒரு நாள் வந்து பாத்துட்டுச் சொல்லுங்க," என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்துபோனது.

அதற்கும் முன்னால், ஒரு புத்தகத்திலிருந்து இந்தத் தலையின் படத்தைக் கார்பன் வைத்து வரைந்துகொண்டு வந்து, "பிள்ளைங்க தொட்டுப் பாக்கற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்களேன்," என்று கேட்டிருந்தாள். வேலை இருக்கிறது என்று தட்டிக் கழித்திருந்தேன். சண்டைக்குப் பின் அந்தத் தாளை எடுத்துப் பட்டறையில் ஒட்டினேன். களிமண்ணில் உருவம் பிடித்து, அச்செடுத்து, தேங்காய் நார் போட்டு வார்த்தேன். மூன்று வாரம் ஆயிற்று. நான் வருவதை அவளுக்குச் சொல்லவில்லை.

காலை ஏழரை மணி, காந்திபுரம். சத்தியமங்கலம் பஸ்ஸில் டிக்கெட் பதினொன்றரை ரூபாய். தூரம் எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சாக்கை டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டியின் மேல் வைக்கப் போனேன். கண்டக்டர் தடுத்தார்.

"சாக்குல என்னங்க?"

"தலைங்க."

முன்சீட்டில் இருந்த நாலு பேர் திரும்பினார்கள். சாக்கைத் திறந்து காட்டினேன்.

"மொதலையாட்டம் இருக்குதுங்க!"

"தவளைச் சாதிங்க. எப்பவோ அழிஞ்சு போச்சு. சத்தியில எங்க ஊட்டுக்காரி டீச்சருங்க. அவங்க பள்ளிக்கூடத்துக்கு."

"யாரு, மல்லிகா டீச்சருங்களா?" கண்டக்டரின் குரலே மாறிவிட்டது. "முன்னாலயே சொல்லக்கூடாதுங்களா? வைங்க, வைங்க." சரவணம்பட்டி தாண்டி, சோளக்காடும் தென்னையும் வரத் தொடங்கியதும், டிக்கெட் போட்டு முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த வண்டிதானுங்க டீச்சருக்கு. அன்னூர் வரைக்கும் நோட்டுத் திருத்துவாங்க. அப்புறம் சன்னல் கம்பியில தலையச் சாச்சுத் தூங்கிப் போயிருவாங்க. கணபதி வந்ததும் நாந்தான் எழுப்பி உடுவேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவளிடம்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 'ஏன் இவ்வளவு நேரம்' என்று கேட்டிருக்கிறேன்.

எட்டரைக்கு அன்னூர். அங்கிருந்து காற்று பலமாக அடித்தது. புளியம்பட்டிக்கு அரை மைல் இருக்கும்போது, சந்தைக்கு ஓட்டிவந்த எருமைகளில் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே வந்துவிட்டது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். சாக்கு நழுவிப் படிக்கட்டில் விழுந்த சத்தம் எனக்குள்ளேயே கேட்டது. திறந்து பார்த்தேன். மூக்கு நுனியிலிருந்து இடது கண் குழி வரை ஒரு துண்டு தனியாக வந்திருந்தது.

மூன்று வாரத்து வேலை. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கண்டக்டர் விடவில்லை. "டீச்சருக்குன்னு கொண்டாந்துட்டுத் திரும்பறதாவதுங்க. புளியம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால எலும்புக்குக் கட்டுப் போடற டாக்டர் இருக்காருங்க. மாவுக்கட்டும் இதே மாவுதானுங்களே?"

ஒன்பது இருபதுக்கு அந்த டாக்டர் வீட்டுத் தாழ்வாரத்தில், நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன், மடியில் தலையோடு. பக்கத்தில் மணிக்கட்டு வீங்கிப்போன ஓர் அம்மாள். மாடு இழுத்துத் தள்ளிவிட்டதாம். என் மடியை உற்றுப் பார்த்தார். நான் விவரம் சொன்னேன்.

"அட பாவமே. அத்தன காலம் மண்ணுக்குள்ள கிடந்தது, இங்க வந்து அடிபட்டுப் போச்சுங்களா," என்றவர் உள்ளே எட்டிப் பார்த்து, "டாக்டருங்க, என்னுது அப்புறம் பாத்துக்கலாம். இவருக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது," என்று கூப்பிட்டுச் சொன்னார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

டாக்டருக்கு அறுபது வயது இருக்கும். தலை நிமிராமல் சீட்டை எழுதினார்.

"யாருக்கு அடி?"

"இதுக்குத்தானுங்க."

"வயசு?"

"இருபத்திரண்டு கோடி வருசமுங்க."

இப்போது நிமிர்ந்தார். வெளியே போ என்பார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மண்டையின் மேல் நான் குழி குழியாகச் செதுக்கியிருந்த இடத்தை விரலால் மெதுவாகத் தடவினார். பிறகு கம்பவுண்டரைக் கூப்பிட்டு மாவுத்துணி இரண்டு சுருள் நனைக்கச் சொன்னார். உடைந்த துண்டை நான் பிடித்துக்கொள்ள, வாய்க்கு உட்புறமாகக் கட்டி, வெளியே மூக்கைச் சுற்றியும் ஒரு கட்டுப் போட்டார். "வெயில்ல ஒரு மணி நேரம் வைங்க. அசைக்கக் கூடாது," என்றார். காலை உடைத்துக்கொண்டவனிடம் சொல்லும் அதே குரல். கட்டணம் வாங்கவில்லை. அந்த அம்மாளுக்குக் கட்டுப் போட்டு முடிக்கிற வரைக்கும் நான் இருந்து, அவர் கூடையைத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

பகல் பன்னிரண்டரை, சத்தியமங்கலம். வடக்கே மலை நீலமாக நிற்கிறது. பவானியில் தண்ணீர் நிறையப் போகிறது. பள்ளிக்கூட வாசலில் என்னைக் கண்டதும் மல்லிகா ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னுங்க, யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. உன்ற தலையக் கொண்டாந்தேன்."

சாக்கைத் திறந்து பார்த்தாள். கட்டைப் பார்த்தாள். முந்தானையால் அதன் மேலிருந்த வைக்கோல் தூசியைத் துடைத்தாள்.

சாப்பாட்டு மணி முடிந்து, ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்தார்கள். அறுபது பிள்ளைகள். தலையை மேசை மேல் வைத்து, வரிசையாக வந்து தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"இது நம்ம நாட்டுல கோதாவரிப் பக்கம் கிடைச்சிருக்கு. நம்ம ஊர்ல கிடைக்காது. நம்ம பாறையெல்லாம் இதவிட ரொம்ப ரொம்பப் பழசு."

"டீச்சர், இது எப்பிடிச் செத்துச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தண்ணி இருக்கற வரைக்கும் குளத்துக்கு இதுதான் ராஜா. சில இடத்துல ஒரே குழியில நிறைய எலும்பு சேர்ந்து கிடைக்குது. குளம் வத்த வத்த, மிச்சமிருந்த தண்ணிக்கு எல்லாமே வந்து ஒண்ணா ஒதுங்கியிருக்கும்னு நினைக்கறாங்க."

மீனை விழுங்கும் மிருகத்துக்காக அறுபது பிள்ளைகள் வருத்தப்பட்டதை நான் பார்த்தேன். வீட்டில் என்னோடு அளந்து பேசுகிறவள், இங்கே ஒவ்வொரு வார்த்தைக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். பின்னந்தலையைக் காட்டுவதற்காகத் தலையைத் திருப்பினாள். ஒரு கணம் நின்றாள். அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பல்லைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

மாலை ஐந்து மணிக்கு, அவள் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பாலத்தின் நடுவில் நின்று கேட்டேன்.

"பின்னால எதையோ மறைச்சியே, என்ன?"

சிரித்தாள். "கழுத்தெலும்பு சேர்ற இடத்துல நீங்க ஒரு குமிழ்தான் வச்சிருக்கீங்க. தவளை இனத்துக்கு ரெண்டு. ஒண்ணுன்னா அது மொதலை."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"பிள்ளைங்ககிட்ட நாளைக்குச் சொல்லிக்குவேன். இத்தன தூரம் சுமந்துட்டு வந்தவரை உக்கார வச்சுக்கிட்டு எப்பிடிங்க சொல்றது?" கீழே ஓடும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அன்னைக்குக் கேட்டீங்களே. எழுதிக் குடுத்தரட்டுங்களா?"

"வேண்டாம், அம்மணி. நான் தெரியாமச் சொல்லிப்போட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

சிங்காநல்லூரில் எங்கள் தெருவில் பகல் முழுக்க லேத்து இரைச்சல். எந்தப் பட்டறையில் எவன் என்ன கடைகிறான் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். சொந்த ஊரில் இவ்வளவு தெரிந்த எனக்கு, மனைவியின் ஊரில் அவள் எந்தக் கடையில் டீ குடிப்பாள் என்பதுகூட இன்றைக்குத்தான் தெரிந்தது.

பஸ் கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தது. சன்னலோரம் நின்றிருந்தவளிடம் சொன்னேன்: "இந்த வாரம் நீ வர வேண்டாம். சனிக்கிழமை நான் வாரேன்."

நம்பாமல் பார்த்தாள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று பேச ஆரம்பித்தாள். போன மாதத்துக்குப் பிறகு அவள் இவ்வளவு பேசி நான் கேட்கவில்லை. "சனிக்கிழமை கூட்டமா இருக்குமுங்க, ஏழு மணிக்கு முன்னாலயே ஏறிருங்க. இடது பக்கம் உக்காருங்க, காலையில வெயில் அடிக்காது. அன்னூர்ல பஸ் பத்து நிமிசம் நிக்கும், அங்க ஏதாவது சாப்பிட்டுக்குங்க. கடைசி சீட்டு மட்டும் வேண்டாம், தூக்கித் தூக்கிப் போடும்." பஸ் நகர்ந்தது. கூடவே நாலு எட்டு நடந்தாள். "எதையும் சுமக்காதீங்க. கைய வீசிட்டு வாங்க."